சிவப்பு மையும் ஹெச்லிண்டும்



பொங்கலுக்கு ஊருக்கு வந்த பழைய மாணவன் ஒருவன் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தான். பெங்களூரில் மென்பொருள் வேலை. "சார், பத்தாம் வகுப்புல நீங்க நடத்துன சார்பை வெச்சுத்தான் இன்னைக்குச் சோறு சாப்பிடுறேன்" என்றான். அவன் எழுதுவது ஹாஸ்கெல். 1990-இல் வெளிவந்த மொழி. ஹாஸ்கெல் கறி என்ற தர்க்கவியல் அறிஞரின் பெயர். முழுக்க முழுக்கச் சார்புகளால் ஆனது. நாம் இருக்கிற இந்த முகநூலிலேயே வேண்டாத பதிவுகளை வடிகட்ட இம்மொழியைப் பயன்படுத்துவதாக அந்த நிறுவனம் 2015-இல் எழுதியிருக்கிறது.

மடிக்கணினியைத் திறந்து ஹெச்லிண்ட் என்ற கருவியைக் காட்டினான். நீல் மிட்செல் என்பவர் உருவாக்கியது. கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால் நிறுவிக்கொள்கிறது. பிறகு கருவியின் பெயரையும் கோப்புறையின் பெயரையும் தட்டினால் போதும். எல்லாக் கோப்புகளையும் படித்து, எந்த வரியை எப்படித் திருத்தலாம் என்று பட்டியல் போடுகிறது.

ஓர் உதாரணம். ஒரு பட்டியலில் உள்ள எண்களுக்கெல்லாம் முதலில் ஒரு சார்பு, பிறகு மறுபடி முதலிலிருந்து இன்னொரு சார்பு என்று எழுதியிருந்தான். "இரண்டையும் சேர்த்து ஒரே சுற்றில் முடி" என்றது கருவி. நம்ம கூட்டுச் சார்பேதான்! இன்னொன்று: "சரி என்றால் சரி என்று சொல், தவறு என்றால் தவறு என்று சொல்" என எழுதினால், "அந்த நிபந்தனையை மட்டும் வைத்தாலே போதும்" என்கிறது.

என்னைத் தொட்டது வேறு. திருத்தத்துக்கு மேலே அது போடும் சொல் 'பெர்ஹாப்ஸ்'. "இப்படியும் இருக்கலாமோ" என்று கேட்கிறது. சிவப்பு மைப் பேனாவோடு காலம் கழித்த எனக்கு அது சுருக்கென்றது.

அவன் வந்தது ஒரு வருத்தத்தோடு. அவன் அலுவலகத்தில் இதை வாசல் காவலுக்கு நிறுத்திவிட்டார்களாம். ஒரு குறிப்பு இருந்தாலும் நிரல் உள்ளே போகாது. யாருக்கு எத்தனை குறிப்பு என்று வாரக் கூட்டத்தில் வாசிக்கிறார்களாம். தமிழ்வழியில் படித்துப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு முதல் வாரமே நாற்பதுக்கு மேல். பாதிக்கு மேற்பட்டவை அவள் கைவைத்த பழைய கோப்புகளில் யாரோ எப்போதோ எழுதியவை. "வேலையை விட்டுடலாமாண்ணா" என்று கேட்டிருக்கிறாள். "நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்றான்.

என் கருத்தை இங்கேயே எழுதுகிறேன். உங்களில் பலர் இன்று குழுத் தலைவர்கள்.

தவறு வேறு, நடை வேறு. விடை தவறினால் விடக் கூடாது. அதற்கு ஹாஸ்கெலில் கம்பைலர் இருக்கிறது. வகை பொருந்தாவிட்டால் அது விடாது. ஹெச்லிண்ட் அப்படி இல்லை. ஒவ்வொரு கோப்பையும் தனியாகப் பார்க்கிறது, வகைகள் அதற்குத் தெரியாது. அது சொல்வது யோசனை. எழுதியவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

கண்டிப்பு வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் எந்த இடத்தில் என்பது முக்கியம். ஏற்கெனவே வரும் குறிப்புகளின் வகைகளையெல்லாம் ஒதுக்கும் அமைப்புக் கோப்பை அந்தக் கருவியே எழுதித் தரும். அதைப் போட்டுவிட்டு, அதில் ஒதுக்காத வகைகளுக்கு மட்டும் கண்டிப்பாக இருங்கள். முன்னோர் கடனைப் புதுப் பிள்ளை தலையில் ஏற்றாதீர்கள். ஒவ்வொருவர் கணினியிலும் நிறுவிக் கொடுங்கள். ஒப்படைக்கும் முன் அவர்களே ஓட்டிப் பார்க்கட்டும். எண்ணிக்கையை மட்டும் சபையில் வாசிக்காதீர்கள்.

நான் வாசித்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி தேற்றத்தை நான் நடத்தாத வழியில் நிறுவியிருந்தாள். விடை சரி. படிகள் புத்தகம்போல் இல்லை என்று சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டு, வகுப்பில் எல்லோருக்கும் காட்டினேன். அதன்பிறகு அவள் சொந்தமாக ஒரு கணக்கும் போட்டதில்லை; கரும்பலகையை அப்படியே எழுதினாள். அவளும் இதைப் படிக்கக்கூடும். மன்னித்துவிடு, அம்மா.

'லிண்ட்' என்றால் துணியிலிருந்து உதிரும் பஞ்சுத் துகள். 1978-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்கு முதலில் இப்படி ஒரு கருவி செய்து அந்தப் பெயரை வைத்தார். பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிற வேப்பந்தட்டைக்காரர்களுக்குப் பஞ்சைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏலத்துக்குக் கொண்டுபோகும் முன் நம் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து பஞ்சில் ஒட்டிய சருகை எடுப்பார்கள். சருகு இருக்கிறது என்று யாரும் பஞ்சைக் கொட்டிவிட்டு வருவதில்லை.

அந்தப் பெண்ணிடம் சொல், தம்பி: நாற்பது குறிப்பு நாற்பது தோல்வி அல்ல. தினம் இரண்டாக உட்கார்ந்து பாருங்கள், இருவருமாக.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
வேப்பந்தட்டை