நள்ளிரவில் ஒருமுறை போதுமா?

பள்ளிக்குக் கோப்புகளைச் சேமிக்கும் ‘நாஸ்’ பெட்டி வாங்கும்போது நாம் என்ன கேட்கிறோம்? எத்தனை டெராபைட், என்ன விலை, எத்தனை ஆண்டு உத்தரவாதம். அத்துடன் சரி. ‘ஸ்னாப்ஷாட் கால அட்டவணையை யார் வகுத்தார்? எதை எண்ணி வகுத்தார்?’ என்று கேட்பார் இல்லை. பொருத்த வந்தவர் நள்ளிரவில் ஒருமுறை, ஏழு நாள் இருப்பு என்று அமைத்துவிட்டுப் போகிறார். நாமும் நிம்மதியாக உறங்குகிறோம். இது பாதுகாப்பு அன்று. பாதுகாப்பின் பெயரால் நடக்கும் அலட்சியம்.

மலேசியாவில் 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு ஒழிக்கப்பட்டது. அதன்பின் வகுப்பறை மதிப்பீட்டின் எடை கூடியது. அம்மதிப்பீட்டின் பதிவுகளும் மாணவர் படைப்புகளும் பயிற்றித் தாள்களும் இன்று அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அவை அழிந்தால் இழப்பு ஒரு பிள்ளையின் ஓராண்டு உழைப்பு.

முதலில் நேரத்தைப் பாருங்கள். ஆசிரியர் காலை எட்டு மணிக்குப் புள்ளிகளைப் பதியத் தொடங்குகிறார். பிற்பகல் ஒரு மணிக்கு வேறொருவர் அக்கோப்பின்மீது பழைய கோப்பைச் சேமித்துவிடுகிறார். நள்ளிரவு ஸ்னாப்ஷாட்டில் அந்த ஐந்து மணிநேர உழைப்பு எங்கே இருக்கும்? நாம் உழைப்பது பகலில். படம் பிடிப்பதோ நாம் உறங்கும்போது!

அடுத்தது இருப்புக் காலம். இதுதான் பெருங்கொடுமை. விடுமுறைக்கு முதல்நாள் ஒரு கோப்புறை தவறுதலாக அழிகிறது. இரண்டு வாரம் கழித்துப் பள்ளி திறக்கும்போதுதான் தெரிகிறது. பெட்டி விடுமுறை எடுக்கவில்லை. நாள்தோறும் புதியதைப் பிடித்துப் பழையதைக் கழித்துக்கொண்டே இருந்தது. கையில் மிஞ்சிய ஏழும் வெறுமையின் ஏழு படங்கள். நானறிந்த ஒரு பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவர்களின் கட்டுரைகள் இப்படித்தான் போயின.

“இடம் நிறைந்துவிடுமே” என்பார்கள். ஸ்னாப்ஷாட் எல்லாக் கோப்புகளையும் மீண்டும் படியெடுப்பதில்லை. அந்தக் கணத்து நிலையைக் குறித்துக்கொண்டு, பின்னர் மாறியவற்றின் பழைய பகுதிகளை மட்டுமே காத்து வைக்கிறது. சொற்கோப்புகளும் புள்ளிப் பட்டியல்களும் கொள்ளும் இடம் மிகக் குறைவு. இடத்தை விழுங்குவன விளையாட்டுப் போட்டி, கலைநிகழ்ச்சிக் காணொலிகள். அவற்றைத் தனிக் கோப்புறையில் இட்டு, வாரம் ஒருமுறை பிடித்தால் போதும்.

“ஆசிரியர்கள் கவனமாக இருக்க வேண்டியதுதானே” என்போரும் உண்டு. 2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் தேர்ந்த பொறியாளர் ஒருவரே தரவுத்தளத்தைத் தவறாக அழித்தார். அவர்களைக் காத்தது ஏறத்தாழ ஆறு மணிநேரத்திற்கு முன் கையால் எடுக்கப்பட்டிருந்த ஒரு ஸ்னாப்ஷாட். வல்லுநருக்கே கைதவறும்போது, நாற்பது பிள்ளைகளை மேய்த்துக்கொண்டே கணினியைத் தட்டும் ஆசிரியரைக் குறைசொல்வது அறமா?

என் பரிந்துரை இதுதான்:

1. பள்ளி நாள்களில் காலை 7 முதல் மாலை 5 வரை மணிக்கு ஒன்று. ஒரு வாரம் இருக்கட்டும்.
2. நாள்தோறும் இரவில் ஒன்று. 60 நாள் இருக்கட்டும்.
3. வாரம் ஒன்று, கல்வியாண்டு முழுதும் இருக்கட்டும்.
4. மொத்தமாகப் புள்ளிகளைப் பதிவேற்றும் முன் கையால் ஒன்று.
5. மாதம் ஒருமுறை ஒரு கோப்பை மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத ஸ்னாப்ஷாட் வெறும் நம்பிக்கை.

பெட்டி தாங்கும் உச்ச எண்ணிக்கையை முன்கூட்டியே சரிபாருங்கள்.

இவ்வளவு செய்தாலும் ஸ்னாப்ஷாட் காப்புப்படி ஆகாது. அது இருப்பது அதே பெட்டியில். 2021 திசம்பரில் சா ஆலம் வெள்ளத்தில் மூழ்கியதை மறந்துவிட முடியுமா? பெட்டி மூழ்கினால் ஸ்னாப்ஷாட்டும் மூழ்கும். நிர்வாகிக் கடவுச்சொல் திருடன் கைக்குப் போனால், பூட்டி வைக்கப்படாத ஸ்னாப்ஷாட்டுகளை அவன் ஒரே நொடியில் அழிப்பான். ஆகவே வேறோர் இடத்தில் ஒரு படி கட்டாயம் வேண்டும். நிர்வாகிக் கடவுச்சொல்லை ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டி வைக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும்.

பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்தில் சிற்றுண்டிச்சாலை விலையோடு இதையும் கேளுங்கள்: “என் பிள்ளையின் கோப்பு இன்று காலை அழிந்தால், எந்த மணிநேரத்து நிலையை மீட்டுத் தருவீர்கள்?” பதில் வராவிட்டால், அட்டவணை இன்னும் பொருத்த வந்தவருடையதுதான், பள்ளியினுடையது அன்று.

சிந்திப்போம், செயல்படுவோம்.