பாசிக்கும் ஏலக்காய்க்கும் ஒரே கணக்கு

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர்களுக்கு ஒரு கணக்கு தலைகீழ்ப் பாடம். பச்சைக்காய் ஐந்து கிலோ உலர்ந்தால் கைக்கு வருவது ஏறத்தாழ ஒரு கிலோதான். மீதி நான்கு கிலோவும் தண்ணீர். அந்தத் தண்ணீரைப் போக்குவதற்காகத்தான் மலைமேல் உள்ள ஸ்டோர்களிலே மணிக்கணக்காக அடுப்பு எரிகிறது.

பாசியிலிருந்து மோட்டாருக்கு எரிபொருள் எடுத்துவிடலாம் என்று ஆசை காட்டுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2025-ல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் என்னும் எரிசாராயம் 20 சதவீதம் கலக்கும் நிலை வந்துவிட்டது. அது கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் வடிக்கப்படுகிறது. மனிதன் உண்ணும் தானியத்தை இயந்திரத்துக்கு ஊட்டுவது முறைதானா என்று கேட்பது நியாயமே. நஞ்சை நிலமும் நல்ல தண்ணீரும் கேட்காத பாசி அந்த வேலையைச் செய்யுமானால் யாருக்குத்தான் கசக்கும்?

விஞ்ஞானத்திலும் பிழை இல்லை. குளோரெல்லா போன்ற நுண்பாசிகள் வெயிலையும் கரியமில வாயுவையும் கொண்டு மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கின்றன. அந்த மாவைச் சர்க்கரையாக்கி, ஈஸ்டினால் புளிக்க வைத்து வடித்தால் எரிசாராயம் கிடைக்கும்.

சங்கடம் தண்ணீரிலே இருக்கிறது. திறந்த குளத்தில் லிட்டருக்கு ஒரு கிராம் பாசி தேறினாலே நல்ல விளைச்சல். அதில் நூற்றுக்கு 40 பங்கு மாவு என்று வைத்துக்கொள்வோம். சிறிதும் வீணாகாவிட்டாலும், ஒரு லிட்டர் எரிசாராயத்துக்கு ஏறத்தாழ மூன்றரை கிலோ பாசி வேண்டும். அதாவது, 3,500 லிட்டர் தண்ணீரிலிருந்து அதைப் பிரித்துக் கெட்டியாக்க வேண்டும். பிறகு வடிப்பதற்கும் நெருப்பு வேண்டும். ஏலக்காயில் ஒரு கிலோவுக்கு நான்கு கிலோ தண்ணீர். பாசியிலோ ஆயிரம் கிலோ! ஏலக்காய் விற்கிற விலைக்கு உலர்த்தும் செலவு கட்டிவரும். எரிசாராயம் விற்கிற விலைக்கு எப்படிக் கட்டும்?

பணமுள்ள நாடுகளும் இதில் கை சுட்டுக்கொண்டன. பாசியில் எண்ணெய் எடுக்கும் ஆராய்ச்சியை அமெரிக்க சர்க்கார் 1978 முதல் 1996 வரை நடத்தி நிறுத்திவிட்டது. 2009-ல் அதே முயற்சியில் இறங்கிய எக்ஸான் கம்பெனி 2023-ல் விலகிக்கொண்டது.

அதற்காகப் பாசியை ஒதுக்கிவிட வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நிறுவனத்தார் குளம் கட்டி ஸ்பைருலினா வளர்த்து, சத்துணவாக வெளிநாடுகளுக்கும் அனுப்பிக் காட்டியிருக்கிறார்கள். கிராம் கணக்கில் விலை போகும் சரக்குக்குப் பாசி ஏற்றது. லிட்டர் கணக்கில் மலிவாக விற்க வேண்டிய சரக்குக்கு இன்றைய நிலையில் அது ஏற்றதன்று. தண்ணீரைச் சொற்பச் செலவில் பிரிக்கும் வழி கிடைக்கும்வரை அது ஆராய்ச்சிச் சாலையிலேயே இருக்கட்டும்.

எரிபொருள் கவலை ஏலமலைக்கும் உண்டு. ஆனால் அது பெட்ரோல் டாங்கியில் இல்லை. ஸ்டோர் அடுப்பில் இருக்கிறது. மின்சாரமும் எரிவாயுவும் வந்த பிறகும் விறகை நம்பியிருக்கும் ஸ்டோர்கள் பல உண்டு. ஏலச்செடியோ மர நிழலில் வாழ்வது. 2024 கோடை வறட்சி தோட்டங்களை வாட்டி எடுத்ததை விவசாயிகள் மறந்திருக்கமாட்டார்கள். காயை உலர்த்த மரத்தை வெட்டிக்கொண்டே போனால், நாளை உலர்த்துவதற்குக் காய் எங்கே இருக்கும்?

வெயிலால் காற்றைச் சூடாக்கி ஸ்டோருக்குள் செலுத்தலாம். சூடு வெளியேறாதபடி சுவர்களைத் திருத்திக் கட்டலாம். இவை புதிய அதிசயங்கள் அல்ல, தெரிந்த வழிகள்தாம். சிறு விவசாயிக்கு இவற்றுக்கான முதலைத் திரட்டத்தான் வழியில்லை. எரிபொருளுக்கென்று சர்க்கார் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு போடிமெட்டு ஏறி வரட்டும். நாளைய பாசிக்குக் காத்திருக்கலாம். இன்று அடுப்பில் வேகிற மரம் காத்திருக்காது.