நோய்க்குப் பூட்டா?

“கொள்ளை நோய் என்று வந்துவிட்டால் மனித உரிமையாவது, மண்ணாங்கட்டியாவது! பத்துப் பேரைப் பிடித்து அடைத்தால்தான் பத்து லட்சம் பேர் பிழைப்பார்கள்” என்று பேசுகிற கனவான்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் படித்தவர்கள். ஈவிரக்கம் இல்லாதவர்கள் என்றுகூட நான் சொல்லமாட்டேன். உரிமை என்பது நல்ல காலத்து ஆடம்பரம், ஆபத்து வந்தால் அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட வேண்டும் என்று அவர்கள் மனப்பூர்வமாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை அதர்மம் என்று மட்டும் சொல்லி நான் விட்டுவிடப் போவதில்லை. அது விஞ்ஞானத்துக்கே விரோதமான அசட்டுத்தனம் என்பது என் கட்சி.

நான் கதை எழுதுகிறவன்; வைத்தியம் படித்தவனல்லன். ஆகவே சாட்சிக்கு ஒரு வைத்தியரையே அழைக்கிறேன். ஜொனாதன் மான் என்ற அமெரிக்கர், 1947இல் பிறந்தவர். நோய் யாரிடமிருந்து யாருக்கு எப்படிப் போகிறது என்று துப்புத் துலக்குவது அவர் தொழில். 1984இல் அவர் எய்ட்ஸை ஆராய ஆப்பிரிக்காவுக்கு, அன்றைக்கு ஜயர் என்று பெயர் கொண்டிருந்த காங்கோ நாட்டின் கின்ஷாசா நகருக்குப் போனார். நோயாளிகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களின் ரத்தத்தை அவரும் சகாக்களும் சோதித்தார்கள். கணவன், மனைவியரை நீக்கிவிட்டுப் பார்த்தால், மற்ற வீடுகளில் இருப்பவர்களைவிட இவர்களிடம் கிருமி அதிகமாக இல்லை! தொட்டால் ஒட்டாது, பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது என்று 1986இலேயே அந்த ஆராய்ச்சி அச்சேறிவிட்டது.

அதே ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனத்தின் எய்ட்ஸ் தடுப்பு வேலை அவர் பொறுப்புக்கு வந்தது. 1987இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையிலேயே அவர் பேசினார். தொற்று ஒரு கொள்ளை நோய். எய்ட்ஸ் அதைத் தொடர்ந்து வருகிற இரண்டாவது. பயமும் பழியும் ஒதுக்கலும் மூன்றாவது. மூன்றாவதை எதிர்க்காமல் முதலிரண்டை வெல்ல முடியாது என்பது அவர் வாதம். நோயாளிகளை ஒதுக்கக் கூடாது என்று 1988இல் உலக சுகாதார சபை தீர்மானமே போட்டது.

அப்போது நம் தேசத்தில் என்ன நடந்தது? 1989 பிப்ரவரியில் கோவாவில் டொமினிக் டிசூஸா என்ற இளைஞரைப் போலீசார் அழைத்துக்கொண்டு போனார்கள். அவர் செய்த குற்றம், ரத்த தானம்! தாமாக முன்வந்து கொடுத்த ரத்தத்தில் கிருமி இருந்தது. அத்தகையவரைத் தனியே அடைக்கலாம் என்று அங்கே ஒரு சட்டம். கைவிடப்பட்ட ஒரு க்ஷயரோக ஆஸ்பத்திரியில் 64 நாள் காவல். அவருடைய தாயார் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். பிள்ளை வெளியே வந்தார்; ஆனால் சட்டம் செல்லும் என்றுதான் தீர்ப்பாயிற்று. 1992இல் டொமினிக் இறந்துபோனார்.

கனவான்களே, உங்கள் கணக்குக்கே வருகிறேன். இந்தக் கிருமி வெளியே ஒரு குறியும் காட்டாமல் பல வருஷங்கள் உடம்பில் குடியிருக்கிறது. சோதித்தாலன்றி, சுமப்பவனுக்கே தெரியாது. சோதனைக்கு வந்தவனைப் போலீஸ் கொண்டுபோனால், அடுத்தவன் வருவானா? ரத்தம் கொடுக்க வருவானா? பூட்டிய ஒரு கதவைப் பார்த்து ஊரில் நூறு கதவுகள் உள்ளே தாழ்போட்டுக்கொள்ளும். நீங்கள் பிடித்தது ஒருவனை. ஒளித்துவைத்தது நூறு பேரை. இதையா சுகாதாரம் என்கிறீர்கள்?

“மூச்சுக்காற்றில் பரவுகிற நோய்க்கு என்ன சொல்கிறீர்?” என்று கேட்பீர்கள். விலகியிருக்கத்தான் வேண்டும், நான் மறுக்கவில்லை. எத்தனை நாள், எதற்காக என்று அவனுக்குச் சொல்லுங்கள். அவன் வீட்டில் அடுப்பு எரிய வழி செய்யுங்கள். 2020இல் நாம் செய்தது என்ன? சென்னையில் கொரோனா வந்தவர்களின் வாசலில் தகரம் அடித்தோம். அந்த ஏப்ரலில், அதே நோயால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்கப் போனவர்களை ஒரு கூட்டம் அடித்து விரட்டியது. அடித்தவர்கள் கிருமிக்குப் பயந்தவர்கள்தான். ஆனால் அந்தப் பயத்துக்குத் தகரத்தையும் ஆணியையும் கொண்டு முத்திரை குத்திக் கொடுத்தவர்கள் யார்?

மான் இன்னும் ஆழமாகப் பார்த்தார். தன் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத மனைவிக்கு இந்த நோய் வருகிறது. அவளுக்கு விவரம் தெரியும். ஆனால் ‘மாட்டேன்’ என்று சொன்னால் அடி விழும். வீட்டை விட்டுத் துரத்துவான். சொத்தும் இல்லை, போக்கிடமும் இல்லை. அவள் கையில் துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து என்ன பயன்? அவளுக்குத் தேவையான தடுப்பு மருந்து சொத்துரிமையும் விவாகச் சட்டமுமே. இப்படிச் சொன்னவரைப் பார்த்து, ‘டாக்டருக்கு ஏன் அரசியல்?’ என்று கேட்கிறவர்கள் நோயை அறியாதவர்கள்.

1990இல், ஸ்தாபனத் தலைவரோடு ஒத்துப்போகாமல் அவர் பதவியைத் துறந்தார். ஹார்வர்டில் சுகாதாரத்துக்கும் மனித உரிமைக்கும் ஒரு மையத்தை 1993இல் தொடங்கி நடத்தினார். 1998 செப்டம்பர் 2ஆம் தேதி விமான விபத்தில் மனைவியோடு மாண்டார். அந்த அம்மையாரும் தடுப்பூசி விஞ்ஞானி.

எய்ட்ஸ் நோயாளியை ஒதுக்கக் கூடாது என்று நம் நாட்டில் சட்டம் இயற்ற 2017 ஆயிற்று. அமலுக்கு வர இன்னும் ஒரு வருஷம். டொமினிக் இறந்து இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு! அடுத்த கொள்ளை நோய்க்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு டொமினிக்கைப் பலி கொடுத்துத்தான் நாம் பாடம் படிப்பது என்று வைத்துக்கொண்டால் அது நாகரிகமாகாது. சுகாதார இலாகாவில் உத்தியோகம் பார்க்கப் போகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அடுத்த நோய் வரும்போது, போலீஸ்காரரை முன்னால் விட்டுப் பின்னால் போகாதீர்கள். முதலில் நீங்கள் போங்கள்.