சவுதார் குளம் யாருடைய சொத்து?

"நான் சாதி பார்ப்பதில்லை. ஆனால் யாருக்கு வீடு விடுவது, யாரை வேலைக்கு எடுப்பது என்பதில் அரசு தலையிடக் கூடாது." இப்படிப் பேசும் படித்த இளைஞர்கள் தங்களை லிபர்டேரியன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். லிபரல் என்பதன் துணிச்சலான வடிவம் அது என்று நம் தோழர்கள் சிலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. சுதந்திரம் என்ற ஒரே சொல்லில் தொடங்கினாலும் இரண்டும் போய்ச்சேரும் இடம் வேறு.

லிபர்டேரியன்கள் கொண்டாடும் ராபர்ட் நோசிக் 1974இல் முன்வைத்த வாதத்தின் சாரம் இது: என் உடலும் உழைப்பும் என்னுடையவை, நேர்மையாக வந்த சொத்தும் என்னுடையது. காவல், நீதிமன்றம், ஒப்பந்தப் பாதுகாப்பு ஆகியவற்றைத் தாண்டி அரசுக்கு வேலையில்லை. உழைத்த வருமானத்தில் வரி வாங்குவது கட்டாய உழைப்புக்கு நிகர். 1971இல் வெளிவந்த ஜான் ரால்ஸின் நீதிக் கோட்பாட்டுக்குத்தான் அவர் மறுப்பு எழுதினார். ரால்ஸ் லிபரல். எந்த வீட்டில் பிறப்போம் என்று தெரியாமல் ஒரு சமூகத்துக்கு விதி எழுதச் சொன்னால் எப்படி எழுதுவோம் என்று கேட்டவர். அடித்தட்டில் இருப்பவருக்கு நன்மை தராத ஏற்றத்தாழ்வு நியாயமில்லை என்றார்.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள மகாடுக்குப் போவோம். பொதுக்குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சியும் அதை ஏற்றது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவுதார் குளத்தில் நீர் அருந்திய பிறகு அடி விழுந்தது. அடித்ததோடு சாதி இந்துக்கள் நிற்கவில்லை. நீதிமன்றம் போனார்கள். அங்கே சாஸ்திரத்தை மட்டும் நம்பாமல் சொத்துரிமையையும் எடுத்து வைத்தார்கள்: குளம் பொதுவானதல்ல, தனிச்சொத்து என்றார்கள். வழக்கு முடிய 1937 ஆனது. குளம் நகராட்சிக்கு உரியது என்று ஆனது; நம்மை விலக்கும் தொன்மையான வழக்கம் இருந்ததாக அவர்களால் நிரூபிக்க முடியாததால் நாம் வென்றோம்.

ஒருவேளை அது உண்மையிலேயே தனியார் குளமாக இருந்திருந்தால்? லிபர்டேரியனின் பதில் தயாராக இருக்கிறது: உரிமையாளர் விருப்பம். தாகத்தோடு நிற்பவர் வேறு குளம் தேடிக்கொள்ளலாம். ஊரில் எல்லாக் குளமும் ஒரே தரப்பிடம் இருந்தால் என்ன செய்வது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். உணவகம், விடுதி போன்ற இடங்களில் நிறப்பாகுபாட்டைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார் பாரி கோல்ட்வாட்டர். தான் பாகுபாட்டுக்கு எதிரானவன் என்றும் சொல்லிக்கொண்டார். தனியார் தொழிலில் அரசு தலையிடுவதுதான் அவருக்குச் சிக்கல். நம் அரசியலமைப்பு இந்த விவாதத்தை முன்பே முடித்துவிட்டது. கடை, உணவகம், விடுதி எதிலும் சாதியின் பேரால் ஒருவரைத் தடுக்கக் கூடாது என்கிறது பிரிவு 15(2). கடை யாருடையது என்று அது கேட்பதில்லை. இரட்டைக் குவளைக்கு எதிராக நிற்கும் சட்டமும் டீக்கடைக்காரரின் சொத்துரிமையைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளாது.

"அரசும் சாதி அரசுதானே?" என்று கேட்பார்கள். ஆம். நம் மக்கள்மீது காவல்துறை நடத்திய வன்முறைகளைப் பட்டியல் போட இந்தப் பக்கம் போதாது. ஆனால் கவனியுங்கள்: லிபர்டேரியன் ஒழிக்க விரும்புவது காவல்துறையை அல்ல. அவருடைய குறைந்தபட்ச அரசில் லத்தி இருக்கும். ரேஷன் கடை, ஆதிதிராவிடர் விடுதி, கல்வி உதவித்தொகை மூன்றும் இருக்காது. அரசு விலகிய இடத்தில் சுதந்திரம் தானாக வந்து உட்காராது. பண்ணையாரும் முதலாளியும்தான் உட்காருவார்கள். 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில் அம்பேத்கர் எச்சரித்தது இதைத்தான்.

நோசிக்கை அவர் சொல்லாலேயே மடக்கலாம். அநீதியாக வந்த சொத்துக்குத் திருத்தம் வேண்டும் என்று அவரே ஒரு விதி வைத்திருக்கிறார். நிலம் வைத்திருக்கவே விடாமல் தலைமுறை தலைமுறையாக உழைக்க வைக்கப்பட்டவர்களின் கணக்கை அந்த விதியில் போட்டுப் பாருங்கள். 1892 அரசாணைக்குப் பின் வழங்கப்பட்டு, பிறகு கைமாறிப்போன பஞ்சமி நிலங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்குள்ள லிபர்டேரியன் யாராவது பஞ்சமி நில மீட்புக்குக் குரல் கொடுக்கிறாரா? சொத்தின் புனிதத்தைப் பேசுபவர் சொத்தின் வரலாற்றைப் பேச மறுக்கிறார்.

லிபரல்களுக்கும் நற்சான்று தர வரவில்லை. தனிமனிதச் சமத்துவம் என்ற லிபரல் வாதத்தை வைத்துத்தான் 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புரிமை ஆணை வீழ்த்தப்பட்டது. மக்கள் தெருவில் இறங்கிய பிறகே முதல் திருத்தமும் பிரிவு 15(4)உம் வந்தன. தனியார் துறை இடஒதுக்கீடு என்றதும் இன்றும் பல லிபரல்கள் 'தகுதி' பேசத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனாலும் சமவாய்ப்பு என்று அவர்கள் கொடுத்த வாக்கைக் காட்டி, "எங்கே அது?" என்று நாம் கேட்க முடியும். லிபர்டேரியன் அப்படி ஒரு வாக்கையே தரவில்லை.

எனவே தோழர்களே, அடுத்த முறை ஒருவர் சுதந்திரம் பற்றிப் பேசினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: குளம் தனியாருடையது என்றால், தண்ணீர் குடிக்கும் உரிமை எனக்கு உண்டா இல்லையா?