வால்வுக்கும் ஒரு எல்லை உண்டு, சார்!

பரீட்சைக் கணக்கில் வால்வு எவ்வளவு கேட்டாலும் திறக்கும். நிஜத்தில் 100 சதவீதத்தோடு சரி! அதற்குமேல் கன்ட்ரோலர் கத்தினாலும் நடக்காது. ஆனால் பி.ஐ.டி.யின் இன்டக்ரல் மட்டும் பிழையைக் கூட்டிக்கொண்டே போகும். தொட்டியில் நீர் செட்பாயின்டைத் தாண்டிய பிறகும் வால்வு மூடாது. இதுதான் 'வைண்ட்-அப்'. வால்வு முட்டியதும் கூட்டலை நிறுத்தி வைத்தால் பாதி தொல்லை தீர்ந்தது.

எல்லை திறப்பில் மட்டுமில்லை, வேகத்திலும் உண்டு. 1993 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் திருவிழாக் கூட்டத்துக்கு மேலே பறந்த கிரிப்பன் போர் விமானம் விழுந்தது. விமானி ஸ்டிக்கை ஆட்டிய வேகத்துக்கு இறக்கைத் தகடுகளால் அசைய முடியவில்லை. பாராசூட்டில் தப்பினார்; கூட்டத்திலும் உயிர்ச்சேதம் இல்லை.

நம்ம லேபில் என்னடான்னா, ரீடிங் கெட்டுப்போகும்னு வால்வை முட்டவே விடுவதில்லை. ஒரு தடவையாவது முட்டவிட்டு கிராஃப் போட விடுங்க, சார்!