வெட்டுப்புள்ளியும் வன்னி மாணவனும்

எமது கல்லூரித் தாயின் விழா மலருக்கு வாழ்த்துரைகள் பல வந்து சேரும். பழைய மாணவராகிய நாம் வாழ்த்தோடு அமையாது, இவ்வேளையில் எல்லோரும் எண்ணிப் பார்க்கவேண்டிய ஒன்றை எடுத்துரைக்க விழைகின்றோம். ஆண்டுதோறும் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியானதும் எம்மவர் இல்லங்களில் எழும் வினா ஒன்றே. “பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைக்குமா?” என்பதே அது.

அமெரிக்கா போன்ற நாடுகளில் உயர்நிலைப் பள்ளியில் மாணவன் ஆண்டுதோறும் பெற்ற புள்ளிகளையும் கல்லூரிகள் சீர்தூக்கிப் பார்க்கின்றன. எமது நாட்டில் அவ்வாறில்லை. தவணைதோறும் வகுப்பில் முதல்வனாக நின்றாலும் அது கணக்கில் வாராது. பதின்மூன்று ஆண்டுக் கல்வியும் ஒரு பரீட்சையின் மூன்று பாடங்களில் வந்து முடிகின்றது. 2001ஆம் ஆண்டு தொடக்கம் இசட் புள்ளியே அளவுகோலாயிற்று. ஒரு பாடத்துக்குத் தோற்றிய யாவரதும் சராசரியிலிருந்து ஒருவன் எவ்வளவு உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கின்றான் என்பதையே அது காட்டும். ஆதலால் மூன்று பாடங்களிலும் ‘ஏ’ சித்தி பெற்றவனும் மருத்துவ பீடத்து வாயிலில் ஏமாந்து நிற்பதுண்டு.

இவ்வாயிலின் வரலாறு கசப்பானது. 1971இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தபோது, பொறியியற் பீடம் புகத் தமிழ் மொழி மூல மாணவன் 250 புள்ளிகளும் சிங்கள மொழி மூல மாணவன் 227 புள்ளிகளும் பெறவேண்டியதாயிற்று. ஒரே வினாத்தாளுக்கு இரு நீதி வகுத்த அச்செயலை நாம் ஒருபோதும் நியாயமென்று கொள்ளோம். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்து மாணவர் பலருக்கு அது கதவடைப்பாயிற்று. பின்தங்கிய பகுதிகளுக்கோ சிறு சாளரத்தைத் திறந்தது. கிளிநொச்சி அன்று யாழ்ப்பாண மாவட்டத்துள் அடங்கியிருந்தமையால், குளத்தடிக் குடியேற்றத்துப் பிள்ளையும் யாழ் நகரப் பிள்ளையோடு ஒரே நிரலில் நிற்க நேர்ந்தது. 1984இல் தனி மாவட்டமான பின்னரே அந்நிலை மாறிற்று.

இன்று பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 வீதமானவை மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், எஞ்சிய 5 வீதமானவை கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்றும் அப்பதினாறனுள் அடங்கும்.

இதனைக்கொண்டு எம் பிள்ளைகளை எள்ளுவாரும் உளர். “குறைந்த புள்ளியில் உள்ளே போனவர்கள்” என்பது அவர் வாய்ச்சொல். அவர்களுக்கு நாம் கூறும் விடை இது. புள்ளி மாணவனின் அறிவை மாத்திரம் அளப்பதன்று. அவன் நடந்துவந்த வழியையும் சேர்த்தே அளக்கின்றது. 2009ஆம் ஆண்டு செட்டிகுளத்து முகாம்களில், நூலும் குறிப்பும் இழந்து, உற்றாரையும் இழந்து உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளை நாடு மறந்துவிடலாகாது. அவர்கள் பெற்ற இடம் பிச்சையன்று, உரிமை.

ஆயினும் உரிமையைத் தலையணையாக்கி உறங்குவதும் தகாது. எம்முள்ளத்தை உறுத்துவது வேறொன்று. ஒதுக்கீடு மாவட்டத்துக்கே உரியது. மாவட்டத்துள்ளே நகருக்கும் உட்கிராமத்துக்கும் இடையேயுள்ள மேடுபள்ளத்தை அது அறியாது. 1ஏபி தரப் பாடசாலைகளிலேயே உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உண்டு. 1சி தரப் பாடசாலைகளில் கலையும் வர்த்தகமுமே. இரண்டாம் தரப் பாடசாலைகளோ பதினோராம் வகுப்போடு நின்றுவிடும். துணுக்காய்ப் பகுதியிலோ நெடுங்கேணிப் பகுதியிலோ உட்கிராமத்திற் பிறந்த பிள்ளை வைத்தியனாக விரும்பினால், வெட்டுப்புள்ளி அவனைத் தடுக்குமுன்னரே பாடசாலையின் தரம் தடுத்துவிடுகின்றது. நகருக்கு வந்து தங்கிப் படிக்க வசதியின்றித் தன் ஊரிற் கிடைக்கும் பாடத்தையே அவன் ஏற்கின்றான். எழுதாத பரீட்சைக்கு எந்த ஒதுக்கீடு உதவும்?

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. வவுனியா வளாகம் 2021 ஆகத்து முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. உயர்கல்வி எம் வாசலுக்கே வந்துவிட்டது. வாசலில் வந்து நிற்கும் கல்விக்கூடத்துள் எம்மூர்ப் பிள்ளை புகாதிருப்பின், அக்குறைக்கு அரசாங்கம் மாத்திரம் பொறுப்பென்று நாம் கைகழுவ முடியுமா?

விழாக்கள் வரும்போது வாயில் வளைவு கட்டுவதும், கல்வெட்டிற் பெயர் பொறிப்பதும் எம் சங்கங்களின் வழக்கம். அவற்றை நாம் பழிக்கவில்லை. எனினும் இம்முறை திரட்டும் நிதியில் ஒரு பங்கேனும், உட்கிராமத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு விடுதிக்கும், கணிதம், பௌதிகம், இரசாயனம் கற்பிக்க மேலதிக ஆசிரியர்க்கும் ஒதுக்கப்படல் வேண்டும். கடல் கடந்து வாழும் பழைய மாணவர் பணம் தரட்டும். ஊரிலிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் மாலைப்பொழுதைத் தரட்டும். மாணவத் தம்பிமாரும் தங்கைமாரும் தங்கள் மாவட்டத்து வெட்டுப்புள்ளியை இலக்காகக் கொள்ளாது, அகில இலங்கைத் திறமை வரிசையை நோக்கிப் படிப்பாராக. அவ்வரிசையில் ஒருவர் இடம்பெற்றால், மாவட்டத்துக்குரிய இடமொன்று பின்னால் வரும் இன்னொரு பிள்ளைக்கு எஞ்சும்.

வளைவின் கீழ் நடந்து செல்லப் பிள்ளைகள் வேண்டும். அவர்களை முதலில் அழைத்து வருவோமாக.