லாயமும் லயமும்

குதிரையின் முதுகில் ஒரு பெண் ஏறி அமர்ந்துவிட்டாள். கையிலே நீண்ட கோல். ஆண்களுக்குச் சரிநிகராகப் பந்தை அடித்து விரட்டுகிறாள். ஆகவே பெண்ணினம் அடைய வேண்டிய சமத்துவத்தை அடைந்துவிட்டது! இவ்வாறு வாதிப்போர் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளிலும் பேச்சுப் போட்டி மேடைகளிலும் பெருகிவருகின்றனர். இவர்களுக்கு நேர் எதிரே நின்று, "போலோ பணக்காரரின் பொழுதுபோக்கு, அதைப் பற்றித் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு என்ன பேச்சு?" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவோரும் நமது முகாமிலேயே இருக்கின்றனர். முந்தியவர்கள் குதிரையைப் பார்க்கிறார்கள். அதன் சொந்தக்காரனைப் பார்ப்பதில்லை. பிந்தியவர்களோ சொந்தக்காரன் மேலுள்ள கோபத்தில் விளையாட்டையே அவனுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இரு சாராரோடும் எனக்கு வழக்கு உண்டு.

போலோ என்றதும் லண்டன் சீமான்களும் இராஜஸ்தானத்து மகாராஜாக்களும் நம் கண்முன் வருகின்றனர். ஆனால் இன்று உலகெங்கும் ஆடப்படும் அந்த ஆட்டத்தின் முதற் கழகம் தேயிலை நாட்டிலேதான் தோன்றியது என்பதைக் கஹவத்தையிலே தேயிலைக்கும் றப்பருக்கும் நடுவே வாழ்கின்ற நாம் அறிந்திருப்பது நல்லது. ஆட்டம் மணிப்பூர் மக்களுடையது. ‘சகோல் காங்ஜெய்’ என்பது அவர்கள் அதற்கு இட்ட பெயர். 1819 முதல் 1826 வரை பர்மியப் படைகள் மணிப்பூரைச் சூறையாடிய ஏழாண்டுக் காலத்தில் நாட்டைவிட்டு ஓடிய மக்களிற் பலர் அண்டையிலுள்ள கச்சார்ச் சமவெளியிலே குடியேறினர். அவர்களோடு ஆட்டமும் போயிற்று. பின்னர் அங்கே தேயிலை பயிரிட வந்த வெள்ளைத் துரைமாரும் பட்டாளத்து அதிகாரிகளும் முதலில் வேடிக்கை பார்த்தனர்; பிறகு தாமே மட்டக்குதிரை ஏறினர். 1859இல் சில்சாரிலே ஜோசப் ஷெரர், ராபர்ட் ஸ்டூவர்ட் என்னும் இரு அதிகாரிகளோடு தோட்டத்துரைமார் கூடி முதலாவது ஐரோப்பியப் போலோக் கழகத்தை அமைத்தனர். 1862இல் கல்கத்தாவிலே கழகம் எழுந்தது. அப்பால் ஆட்டம் கடல் கடந்தது. அணிக்கு எழுவர் ஆடியது நால்வராகக் குறைந்தது. பெயர்கூட மாறிவிட்டது: ‘போலோ’ என்பது பந்தைக் குறிக்கும் பல்த்தி மொழிச் சொல்லின் திரிபு.

இப்படி ஒரு மக்கள் கூட்டத்தின் திருவிழா ஆட்டம் துரைமாரின் கழகச் சொத்தாயிற்று. அந்தக் கழகத்தின் வாயிலிலே பெண்ணுக்கும் இடமில்லை என்று எழுதி வைத்தார்கள்.

அந்த வாயிலை உடைத்த பெண்களின் துணிவை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். அமெரிக்காவிலே சூ சாலி ஹேல் என்ற பெண், கூந்தலைத் தலைக்கவசத்துள் மறைத்து, கண் மையினால் மீசை வரைந்து, ‘ஏ. ஜோன்ஸ்’ என்ற ஆண் பெயரிலே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போட்டிகளில் ஆடினார். 1972இல்தான் அந்நாட்டுப் போலோச் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்திலே கிளேர் டொம்லின்சன் பெரிய போட்டிகளில் பெண்ணுக்கிருந்த தடையோடு மல்லாடி, 1979இல் குயீன்ஸ் கோப்பையை வென்ற அணியில் ஆடினார். ஆர்ஜென்டீனாவில் மகளிருக்கெனத் தேசியப் பெரும் போட்டி 2017இலேதான் தொடங்கியது. ஆணும் பெண்ணும் ஒரே அணியில், ஒரே விதியின் கீழ் மோதிக்கொள்ளத்தக்க ஆட்டங்கள் உலகில் மிகச் சில. அவற்றுள் இது ஒன்று. பாய்ந்தோடும் குதிரையின் மேலிருந்து, பக்கத்திற் பாய்ந்து வரும் இன்னொரு குதிரையைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு பந்தை அடிப்பதற்கு வேண்டிய நெஞ்சுரம் வேடிக்கையானதன்று. விழுந்தால் எலும்பு முறியும். சில வேளைகளில் உயிரே போகும்.

தொழிலாக ஆடும் பெண்ணின் நாட்களையும் சற்றுப் பார்ப்போம். விடியுமுன் லாயத்தில் நிற்கவேண்டும். ஒரு குதிரையிலேறி இரண்டு மூன்றைக் கையிற் பிடித்து ஓட்டிப் பழக்கவேண்டும். கால்களைத் தடவிப் பார்த்து வீக்கம் கண்டால் கட்டுப் போடவேண்டும். இளங்குதிரையை ஆட்டத்துக்குப் பழக்கி விற்றாலொழியப் பலருக்கு வருமானம் போதாது. பருவத்துக்குப் பருவம் நாடு மாறவேண்டும்: கோடையில் இங்கிலாந்து, ஆண்டிறுதியில் ஆர்ஜென்டீனா, ஆண்டுத் தொடக்கத்தில் புளோரிடா. இத்தனைக்கும் கூலி கொடுப்பவர் யார்? ‘பேட்ரன்’ எனப்படும் புரவலர். அணி அவருடையது, குதிரைகளிற் பெரும்பகுதியும் அவருடையவை, பணம் கொடுக்கிறவர் என்பதனாலேயே நால்வரில் ஒருவராகத் தாமும் களத்தில் இறங்கிவிடுவார். திறமைசாலி அவருக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கவேண்டும். நமது பழைய சமஸ்தானப் புலவன், பாடத் தெரியாத ஜமீன்தாரின் பாட்டைத் திருத்திக் கொடுத்துப் பரிசில் பெற்றான் அல்லவா? அதே தொழில்தான், தமிழுக்குப் பதிலாகக் குதிரை.

ஒரு ‘சக்கர்’ ஏழு நிமிடம் அல்லது ஏழரை நிமிடம். பெரிய போட்டிகளில் ஆறு சக்கர், ஆர்ஜென்டீனாவின் உச்சப் போட்டியில் எட்டு. ஒவ்வொரு சக்கருக்கும் குதிரை மாறவேண்டும். ஆகவே ஒருவருக்கே அரை டஜன் குதிரைக்கு மேல் வேண்டும். 2009 ஏப்ரலில் புளோரிடாவிலே வெனிசுவேலாச் செல்வர் ஒருவரின் அணியைச் சேர்ந்த 21 குதிரைகள் மருந்துக் கலவையில் நேர்ந்த பிழையால் அடுத்தடுத்து விழுந்து மாண்டன. நால்வர் ஆடும் ஓர் அணியின் குதிரைகளில் ஒரு பகுதி அவை! அந்தச் சோகத்தினூடே இந்தக் கணக்கையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குதிரைகளிற் பெரும்பாலானவை பெண் குதிரைகள் என்பது இன்னொரு செய்தி. சிறந்த பெண் குதிரை சினைப்பட்டால் பதினொரு மாதம் சுமக்கவேண்டும், ஆட்டம் கெடும். ஆர்ஜென்டீனர் அதற்கும் வழி கண்டனர்: கருவை எடுத்து வேறொரு சாதாரணக் குதிரையின் வயிற்றிலே வைத்துவிடுகிறார்கள். ஆடுகிற தாய் ஆடிக்கொண்டே இருக்க, பெயரற்ற தாய் சுமக்கிறாள். 2010இல் புவெனஸ் அயர்ஸ் ஏலத்திலே ‘குவார்ட்டெட்டெரா’ என்ற புகழ்பெற்ற குதிரையின் படியெடுப்பாகப் பிறந்த மூன்று மாதக் குட்டி எட்டு இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. குதிரையின் கருப்பைக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கும் உலகம் பெண்ணின் கருப்பைக்கு எவ்வளவு பார்த்தது? நம் நாட்டிலே 1939இல் வந்த மகப்பேற்று நன்மைச் சட்டத்தின் கீழ், மூன்றாம் பிள்ளை பெற்றவளுக்கு 42 நாள் விடுமுறையே என்ற பாகுபாடு 2018 வரையும் இருந்தது. மூன்றாம் பிள்ளை பாதி வலியோடு பிறக்கிறது என்று சட்டம் எழுதியவர்கள் எண்ணினார்கள் போலும்.

இனி நமது மண்ணுக்கு வருவோம். குதிரை கட்டுமிடத்துக்குத் தமிழிலே லாயம் என்று பெயர். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு நாம் வைத்துக்கொண்ட பெயர் லயம். சங்கீத வித்துவான்கள் இச்சொல்லைக் கேட்டால் தாளத்தை நினைத்து மகிழக்கூடும். நமது லயம் வெள்ளைத் துரையின் ‘லைன்’ என்பதிலிருந்து வந்தது. லாயத்துக்கும் லயத்துக்கும் எழுத்திலே ஒரு கால்தான் வேற்றுமை. அளவிலே என்ன வேற்றுமை? பிரித்தானியக் குதிரைச் சங்கம் குதிரை ஒன்றுக்கு வேண்டுமென்று விதந்துரைக்கும் இடம் பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி. உயரமான மட்டக்குதிரையானால் பத்து அடிக்குப் பன்னிரண்டு போதும் என்கிறது. நமது லயத்துக் காம்பராவும் பத்துக்குப் பன்னிரண்டு! ஒரு மட்டக்குதிரைக்கு அளந்த இடத்திலே தாய், தகப்பன், பிள்ளைகள், பாட்டி, அடுப்பு, விறகு எல்லாம். அந்தக் குதிரைக்காவது சமையல் இல்லை.

போலோ மைதானம் 300 யார் நீளம், 160 யார் அகலம். ஏறக்குறையப் பத்து ஏக்கர். காம்பரா அளவால் வகுத்துப் பாருங்கள்: 3,600 காம்பரா. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்கத்தக்க கணக்கு இது.

இங்கே பெண்ணின் நாள் எப்படிப் போகிறது? றப்பர் மலையானால் வெயில் ஏறுமுன் பால்வெட்டு. தேயிலையானால் காலையிலிருந்து மாலை நிறுவை வரை கொழுந்து. நிறை குறைந்தால் அரைப்பேர். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி என்பது தோட்டத்துறையிலே 1984இலேதான் வந்தது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது; 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போயிற்று. நாட்கூலி 2021இல் ஆயிரம் ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்வதற்கு எத்தனை போராட்டங்கள் நடந்தன என்பதை வாசகர் அறிவர். ஆனால் நிறுவை முடிந்து வரும் பெண்ணின் மாலைப்பொழுதைப் பற்றி எந்தக் கூட்டு ஒப்பந்தமாவது பேசியதுண்டா? பெரும்பாலும் ஆணின் வேலை பிற்பகலிலேயே முடிந்துவிடுகிறது. பெண்ணுக்கோ இரண்டாம் பிரட்டு லயத்துக்குள்ளே தொடங்குகிறது. (இரத்தினபுரிச் சீமையிலே மாணிக்கக் குழியருகே பெண் வரக்கூடாது என்ற சம்பிரதாயமும் உண்டு. மண்ணுக்குள் இருக்கும் செல்வம் தீட்டுப்படும். மண்ணுக்கு மேலே அவள் பறிக்கும் செல்வத்துக்குத் தீட்டில்லை!)

மகளிர் போலோவில் மிக உயர்ந்த பத்துக் கோல் மதிப்பை எட்டியவர் இங்கிலாந்தின் நீனா கிளார்க்கின். பெருந்திறமை படைத்தவர்; ஐயமில்லை. அவர் பிறந்தது வெஸ்டி குடும்பத்தில். உலகெங்கும் இறைச்சி வாணிபம் செய்த அக்குடும்பத்தின் ஆஸ்திரேலியக் கால்நடைப் பண்ணையாகிய வேவ் ஹில்லில்தான், 1966இலே குரிஞ்சி ஆதிகுடித் தொழிலாளரும் அவர்தம் பெண்டிரும் வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் வேலையை விட்டு வெளியேறினர். குதிரையேறி மாடு மேய்ப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆயினும் கூலி அற்பம். முதலிலே கூலி கேட்டவர்கள், பின்னர் நிலத்தையே கேட்டனர். 1975இல் பிரதமர் விட்லம் ஒரு பிடி மண்ணை அள்ளி லிங்கியாரியின் கையிலே இட்டார். எந்த வீட்டில் பிறந்தோம் என்பதற்குத் தனி மனிதரைக் குற்றஞ் சாட்டுவது நமது முறையன்று. ஆனால் குதிரை ஏறும் திறமை இரு தரப்பிலும் இருந்தது. ஒரு தரப்புக்கு அது கோப்பையாயிற்று, மறு தரப்புக்கு அரை வயிற்றுக் கஞ்சியாயிற்று என்ற உண்மையைச் சமத்துவம் பேசுவோர் எங்கே கொண்டுபோய் மறைப்பார்கள்?

"அப்படியானால் நாம் சொன்னது சரிதானே? அந்த ஆட்டமே வேண்டாம்" என்று நமது தோழர்கள் இப்போது எழுந்திருப்பார்கள். பொறுங்கள். மணிப்பூருக்குத் திரும்பிப் போவோம்.

இம்பாலின் நடுவே மாபால் காங்ஜெய்புங் என்னும் பழைய மைதானத்திலே மணிப்பூர்ப் பெண்கள் போலோ ஆடுகின்றனர். அவர்களிற் பலர் எளிய குடும்பத்துப் பெண்கள். சொந்தக் குதிரை இல்லாதவர்கள் கழகத்தின் குதிரையிலே ஆடுகிறார்கள். 2016 முதல் அங்கே நடந்த மகளிர் போட்டிகளுக்கு அமெரிக்கா முதலிய நாடுகளிலிருந்தும் அணிகள் வந்தன. வந்தவர்களும் அந்த ஊர் மட்டக்குதிரை மேலேதான் ஏறவேண்டும். இலட்சம் டொலர்க் குதிரைக்கு அங்கே வேலையில்லை. இந்தப் பெண்கள் வானத்திலிருந்து குதித்தவர்களல்லர். 1904இலே வெட்டி வேலைக்கு எதிராகவும், 1939இலே பஞ்சத்தின்போது அரிசியை ஏற்றுமதி செய்வதற்கு எதிராகவும் தெருவிலே இறங்கிய ‘நுப்பி லான்’ பெண்களின் வழிவந்தவர்கள். சந்தை பெண்களின் கையில் இருந்த ஊரிலே கடிவாளமும் பெண்ணின் கைக்கு வருவது எளிதாயிற்று என்று நான் கருதுகிறேன்.

அங்கும் எல்லாம் சுபம் என்று சொல்ல வரவில்லை. மட்டக்குதிரைகள் மேய்ந்த ஈரநிலங்கள் கட்டடங்களாகின்றன. மேய்ச்சல் இழந்த குதிரைகள் பட்டினத் தெருவிலே குப்பையைக் கிளறுகின்றன. 2003இல் ஏறத்தாழ 1,900 என்றிருந்த தொகை 2012இல் 1,101 ஆகவும் 2019இல் 1,089 ஆகவும் தேய்ந்தது. 2023 ஜனவரியிலே போலோ வீரனுக்கு 120 அடிச் சிலை எழுப்பித் திறந்து வைத்தார்கள். சிலைக் குதிரை புல் கேட்காது அல்லவா? அதே ஆண்டு மே மாதத்தில் இனக் கலவரம் வெடித்து மாநிலமே இரண்டுபட்டது. நமக்கும் புதிய கதையன்று. நமது நெடுந்தீவிலே ஐரோப்பியர் காலத்திலிருந்து அலைகின்ற குதிரைகள் வறட்சி தோறும் தண்ணீரின்றிச் சாவதைப் பத்திரிகையிற் படித்துப் பெருமூச்சு விடுவதோடு நாமும் நிறுத்திக்கொள்கிறோம்.

ஆயினும் மணிப்பூர்ப் பெண்கள் ஒன்றைக் காட்டிவிட்டார்கள்: மைதானம் பொதுவாக இருந்து, குதிரையும் பொதுவாக இருந்தால், பணக்காரரின் ஆட்டம் எனப்படுவதும் ஏழைப் பெண்ணின் ஆட்டமாகும். ஆகவே, "முதலிற் கூலி, பிறகுதான் விளையாட்டு" என்று தொழிலாளியின் மகளிடம் சொல்லும் தோழரை நான் கேட்கிறேன்: உம்முடைய மகனிடம் அப்படிச் சொன்னீரா? பிரட்டுக்களத்திலே தென்னை மட்டையைத் துடுப்பாக்கி அவன் கிரிக்கெட் ஆடும்போது வர்க்கப் போராட்டம் எங்கேயாவது தடைப்பட்டதா?

கஹவத்தைத் தோட்டங்களிலே நாளைக்கே போலோக் கழகம் வேண்டும் என்று நான் எழுதவில்லை. ஓடுவதற்கு ஒரு வெளியும் அங்கே போவதற்கு ஒரு நேரமும் நமது பெண் பிள்ளைகளுக்கு வேண்டும் என்கிறேன். பாடசாலை பிற்பகல் ஒன்றரை மணிக்கு விடுகிறது. மலையில் கடைசி நிறுவை முடிந்து தாய் இறங்கி வர ஐந்து மணியாகிறது. அந்த மூன்றரை மணி நேரத்திலே தண்ணீர் சுமப்பதும், தம்பியை இடுப்பில் வைத்திருப்பதும், அடுப்பு மூட்டுவதும் மகள். தோட்ட நிர்வாகத்திடம் மைதானத்துக்கு நிலம் கேட்டு மனு எழுதுவோம். தொழிற்சங்கம் அதைக் கோரிக்கைப் பட்டியலிலே சேர்க்கட்டும். மனுவுக்குப் பதில் வரும்வரை, பிற்பகலிலேயே வேலை முடித்து லயத்துக்குத் திரும்பிவிடும் தகப்பன் அந்தத் தண்ணீர்க் குடத்தை எடுக்கலாம். அதற்குத் துரையின் அனுமதி வேண்டியதில்லை.